பதினேழாவது நிமிடம்

என் மூன்றாவது நாவலை இருபத்தேழு பெண்கள் காதால் கேட்டிருக்கிறார்கள். எட்டுப் பக்கத்துக்கு மேல் ஒருவர்கூட அதைப் படித்ததில்லை. கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் அவர்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, மரம் மரமாக நடந்தபடி கேட்டார்கள். அதே தோட்டத்தின் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. பகலில் கடிதம் தட்டச்சு செய்வேன், வீட்டுக்கு வந்து கதை எழுதுவேன். பதினைந்து வருடமாக இதுதான் என் பிழைப்பு.

முதல் இரண்டு நாவல்களையும் என் சொந்தச் செலவில் அச்சடித்தேன். சொந்தக்காரர்கள் வாங்கினார்கள், எங்கள் சர்ச் சபையில் சிலர் வாங்கினார்கள், வாங்கியவர்களில் யாராவது படித்தார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மிச்சம் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கட்டில் ஆடாமல் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவர் கல்ஃபில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எந்தப் பொருளுக்கும் ஒரு பயன் இருக்க வேண்டும் அவருக்கு.

மூன்றாவது நாவலை முடித்ததும் மைனியிடம் கொடுத்தேன். மைனி என் அண்ணன் மனைவி, எங்கள் தோட்டத்திலேயே பால் வெட்டுகிறவர். கதை பால்வெட்டுக்காரிகளைப் பற்றியது. ஒரு தாயும் மகளும், தாயைப் பாம்பு கடித்துவிடுகிறது, அதற்குப் பிறகு அந்த மகள் என்ன ஆகிறாள் என்பதுதான் கதை. அச்சாகுமுன் ஒரு பால்வெட்டுக்காரியின் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்துக் காகிதக் கட்டு திரும்பி வந்தது. எட்டாம் பக்கத்தில் தேயிலைக் கறை. அதற்கு அப்பால் ஒரு மடிப்புகூட இல்லை.

“பிடிக்கல்லியா மைனி?”

“பிடிக்காம என்ன மக்கா. கண்ணு சொக்குது. நாலு மணிக்கு எழும்பி முந்நூறு மரம் வெட்டிட்டு வந்து பொஸ்தகத்தெ விரிச்சா, நான் அதெ வாசிக்கவா, அது என்னெ வாசிக்கவா? நீயே வாசிச்சு வாட்சப்புல போடு. மரத்துக்க மூட்டுல நின்னு கேக்கேன்.”

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருடம் எழுதியதைப் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்பேன் என்கிறாரே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கோபம் ஆறிப்போய், வீட்டுக்காரரின் காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் அத்தியாயத்தை வாசித்து அனுப்பினேன். எங்கள் வீட்டில் சத்தம் இல்லாத இடம் அந்தக் கார் ஒன்றுதான். மைனி அதைத் தன் கூட்டுக்காரி ஒருத்திக்கு அனுப்பினார், அவள் இன்னொருத்திக்கு. பத்து நாளில் ஒரு குழுவே உண்டாகி, அதில் என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

வெட்டு உள்ள நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டோம். மழை என்றால் வெட்டு இல்லை, கதையும் இல்லை. இரண்டு நாள் விடாமல் பெய்தால் குழுவில் புலம்பல் தொடங்கிவிடும். சம்பளத்துக்கா கதைக்கா என்று கேட்டால் ரெண்டுக்கும்தான் என்று ஒரு பெண் பதில் போட்டாள். ஒரு எழுத்தாளருக்கு மழையின் மேல் வரக்கூடாத கோபம் எனக்கு வந்த வருடம் அது.

இதற்கு நடுவில்தான் சென்னைப் பதிப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரிகிற பதிப்பகம். நாலு மாதத்துக்கு முன் அனுப்பி வைத்துவிட்டு நான் மறந்தே போயிருந்தேன். ஒரு சான்றிதழ் விஷயமாகத் தக்கலைக்குப் போய்விட்டுத் திரும்பப் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது போன் வந்தது. பேசினவர் பதிப்பாசிரியர். முந்நூறு பக்கத்தையும் படித்திருந்தார். பாத்திரங்களைப் பெயர் சொல்லிப் பேசினார், ஒரு இடத்தில் நான் தவறாகப் போட்டிருந்த மாதத்தைக்கூடக் கண்டுபிடித்துவிட்டிருந்தார். முன்பின் தெரியாத ஒரு மனிதர் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து என் கதையை வரி விடாமல் படித்திருக்கிறார் என்பது எனக்கு நம்ப முடியாத அதிசயமாக இருந்தது. நாகர்கோவில் பஸ் இரண்டு வந்து போயின. நான் ஏறவில்லை.

“ஒரே ஒரு விஷயம் மேடம்” என்றார் கடைசியில். “பன்னிரண்டாவது அத்தியாயம். அம்மா சாகிற இடத்தோட முடிச்சிடலாம். அதுக்கப்புறம் அஞ்சு பக்கம் மரம் எப்படி வெட்டறதுன்னு போகுது. தொழில் கையேடு மாதிரி இருக்கு. அதை எடுத்துட்டீங்கன்னா ஜனவரி புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்துடலாம்.”

அவர் வாக்கியத்தை முடிக்குமுன் நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொந்தப் பக்கத்தை வெட்டும்போது எழுத்தாளருக்கு நெஞ்சு வலிக்கும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து ஐந்து பக்கத்தையும் அழித்து அனுப்பிவிட்டு, மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். ரப்பர் மரத்தில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ஒவ்வொரு முறையும் அந்த வெட்டின் ஓரத்தில் நகத்தின் கனத்துக்குப் பட்டையைச் சீவுவார்கள். பால் சுரந்து வடிந்து மரத்தில் கட்டிய சிரட்டைக் கிண்ணத்தில் விழும். ஒவ்வொருவர் கைக்கும் ஒரு சாய்வு, ஒரு ஆழம் உண்டு. பழகிய கண்ணுக்கு வெட்டைப் பார்த்தே ஆளைத் தெரியும். என் கதையில் அந்த மகள், தாய் செத்துப் பத்து நாள் கழித்து, தாய் வெட்டிக்கொண்டிருந்த பிளாக்குக்கு, அவளுக்கென்று ஒதுக்கிய முந்நூறு மரத்துக்கு, வருகிறாள். மரத்தில் தாயின் கடைசி வெட்டு அப்படியே இருக்கிறது. பால் வேண்டுமென்றால் அதைச் சீவி எறிய வேண்டும். ஒரு இழுப்பில் தாயின் கை போய்விடும். அவள் கத்தியோடு நிற்கிறாள், பிறகு வெட்டுகிறாள், சீவல் காலடியில் விழுகிறது, அடுத்த மரத்துக்குப் போகிறாள். அவ்வளவுதான். மைனியோடு ஒருநாள் நடந்துபோனபோது அவர் காலடியில் சீவல் விழுவதைப் பார்த்து எனக்கு இந்த இடம் தோன்றியது. தொழில் நுணுக்கமெல்லாம் எனக்கும் தெரியும் என்று காட்டுகிற ஆசையில் ஐந்து பக்கத்துக்கு நீட்டியிருந்தேன். எனக்கே அது அதிகம்தான் என்று பட்டிருந்தது.

பன்னிரண்டாவது அத்தியாயத்தின் முறை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முந்தின நாள் சாயங்காலம் காருக்குள் போனபோது, திருத்திய பிரதியை அச்செடுக்கச் சோம்பல். தேயிலைக் கறை பட்ட பழைய கட்டே கையில் இருந்தது. அதையே முழுதாக வாசித்துவிட்டேன், அழித்த ஐந்து பக்கத்தையும் சேர்த்து. இருபத்து மூன்று நிமிடம் ஓடியது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும். சூப்பர்வைசர் அலுவலகத்துக்குள் வந்த வேகத்தில் என் மேசையிலிருந்து காகிதம் பறந்தது.

“மேடம், மெமோ அடிக்கணும். பதினெட்டு பேருக்கு.”

கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே மரத்தின் சதையைத் தொட்டால் அது காயம். அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு எத்தனையோ வருடத்துக்கு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. புதிதாக வருகிறவர்கள் கையில் அங்கொன்று இங்கொன்று காயம் பட்டுப்போவது உண்டு. ஒரே காலையில் பதினெட்டுப் பேரின் பிளாக்கில் காயம் என்பது அந்தத் தோட்டத்தில் கேள்விப்படாத விஷயம்.

“சொல்லி வச்சு செய்த வேலையாக்கும் இது. இல்லேன்னா பழக்கமுள்ள கை எல்லாம் ஒரே நாளுல தவறுமா? திங்கக்கிழமைக்குள்ள எழுத்துல விளக்கம் வேணும்” என்றார்.

நான் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். ‘பணியில் கவனக்குறைவாக இருந்து மரங்களுக்குச் சேதம் விளைவித்ததற்கு’ என்று அடித்து, பெயரை மட்டும் மாற்றி மாற்றி எடுத்தேன். ஒன்பதாவது மெமோவில் என் விரல் நின்றது. அதுவரை அடித்த ஒன்பது பெயரும் என் குழுவில் உள்ள பெயர். மிச்சப் பட்டியலைப் பார்த்தேன். பதினெட்டும் அப்படியே.  ஆசையாகக் கதை கேட்ட பாவத்துக்கு என் கையாலேயே அவர்களுக்கு மெமோ அடிக்க வேண்டியதாயிற்று. 

மத்தியானம் மைனியைக் கூட்டிக்கொண்டு பிளாக்குக்குப் போனேன். அவர் கையிலும் மெமோ இருந்தது. 

“மைனி, பாம்பு கடிச்சு அம்மா சாவுற இடம் வந்துதா? அங்கயா கை தவறிச்சு?”

மைனி சிரித்தார். “ஏட்டி, பாம்பு வருது பாம்பு வருதுன்னு நீ மூணு அத்தியாயமா சொல்லுதே. நாங்க எல்லாரும் காலுல கம்பூட்டு போட்டு ரெடியா நின்னோம். அதுல என்ன கை தவற? சாவுன்னா எல்லாருக்கும் உள்ளது தானே.”

“பின்னே எங்க?”

அவர் வரிசையின் முதல் மரத்தில் என்னை நிறுத்தி, எண்ணு என்றார். வெட்டு தொடங்குகிறபோதுதான் எல்லோரும் கதையைத் தட்டிவிடுவார்கள். ஒரு மரத்தை வெட்டி அடுத்த மரத்துக்குப் போக அரை நிமிடம். தாய் சாகிறது ஒன்பதாவது நிமிடத்தில். பதினெட்டாம் மரத்துப் பக்கம் போய்த் தடவிப் பார்த்தேன். வெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது, ஒரு பிசிறு இல்லை. எண்ணிக்கொண்டே நடந்தோம். முப்பத்து மூன்றாம் மரத்தில் காயம். பட்டை பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அதை அடுத்த பிளாக்குக்குப் போனோம். முப்பத்தைந்தாம் மரம். அதற்கு அடுத்ததில் முப்பத்திரண்டு. கை வேகமானவர்களுக்கு ஒன்றிரண்டு கூட, மெதுவானவர்களுக்கு ஒன்றிரண்டு குறைய. நாங்கள் போன அத்தனை பிளாக்கிலும் முப்பதைத் தாண்டித்தான் காயம், நாற்பதைத் தாண்டி ஒன்றுமில்லை.

போனில் பதிவை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பதினேழாவது நிமிடம். மகள் கத்தியைத் தாயின் வெட்டில் வைக்கிறாள்.

 பதினைந்து வருடம் எழுதிய எனக்கு என் கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முந்நூறு பக்கத்தையும் ஊன்றிப் படித்த ஆசிரியருக்கும் தெரியவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து வேண்டாம் என்று தள்ளிய இடத்தில், இத்தனை பேருடைய கை, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், இருட்டில் தனித்தனியாக, ஒரே நொடியில் தவறியிருக்கிறது. அந்த நொடியில் அவர்களும் அதையே செய்துகொண்டிருந்தார்கள், முந்தின வெட்டைச் சீவிக்கொண்டு. எனக்கு அப்போது வந்ததைப் பெருமை என்று சொல்ல முடியாது. பயத்துக்குப் பக்கத்தில் இருந்தது அது. சபைக் கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்க முழங்காலில் நிற்கும்போது எனக்கு எப்போதாவது வருகிற நடுக்கம், அந்தக் காட்டுக்குள் ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்தது.

கடைசியாக மைனி என்னைக் கூட்டிப்போனது மூத்த பால்வெட்டுக்காரி ஒருவருடைய பிளாக்குக்கு. புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்களை இரண்டு வாரம் அவர் பின்னால்தான் விடுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வெட்டியவர். அவரும் குழுவில் இருந்தார், ஆனால் கதையைப் பற்றி நல்லது கெட்டது என்று ஒரு சொல் சொன்னதில்லை.

“இவிய மரத்துல நான் காயம் கண்டதே இல்ல, பாத்துக்கோ” என்றார் மைனி.

முப்பத்து நாலாம் மரத்தில் காயம் விரல் நீளத்துக்கு இருந்தது. அதற்குப் பின் ஆறு மரம் வெட்டவே இல்லை. சிரட்டையில் பால் பட்ட ஈரம் இல்லை, பழைய வெட்டில் ஒட்டுபால் காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது. ஏழாவது மரத்திலிருந்து மறுபடி சுத்தமான வெட்டு. ஆறு மரம் என்றால் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் அவர் கத்தியைத் தாழ்த்திக்கொண்டு சும்மா நடந்திருக்கிறார். 

சாயங்காலமே சென்னைக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, அந்த ஐந்து பக்கத்தையும் திருப்பிச் சேர்க்க வேண்டும் என்றேன். ஆசிரியர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அருமையான விஷயம் மேடம். இதையே ஒரு கட்டுரையா எழுதுங்க” என்றார். “ஆனா அவங்க அந்த வேலை செய்றவங்க. அவங்களுக்குப் பிடிபடும். வாங்கிப் படிக்கப் போறவங்க ரப்பர் மரத்தையே பார்த்திருக்க மாட்டாங்க. அவங்க அந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சிடுவாங்க. நான் அதைச் சேர்த்துப் போட மாட்டேன். திங்கட்கிழமை அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க, அச்சுக்குப் போகணும்.”

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அதுதான் என்னை வாட்டியது. முரட்டு ஆளாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“பதினஞ்சு வருசமா இதுக்காக்கும் நீ தவம் கெடந்தது. முந்நூறு பக்கத்துல அஞ்சு பக்கம் தானே? விட்டுக் குடுத்துட்டுப் போ. அவியளுக்குத் தான் வாசிச்சுக் காட்டியாச்சே” என்றார்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும். பொய் சொல்ல மாட்டேன், கடையில் மற்றவர்கள் புத்தகத்துக்குப் பக்கத்தில் என் பெயரோடு அது நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவோ காலமாக ஏங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் ஒரு சொல் காதில் ஏறவில்லை. திங்கட்கிழமை காலை பஸ் ஏறும்போது, பக்கங்களை விட்டுக்கொடுத்துவிடுவது என்று முக்கால்வாசி முடிவு செய்திருந்தேன்.

அன்று விளக்கக் கடிதங்கள் வரத் தொடங்கின. ‘அன்றைய தினம் பனிமூட்டம் அதிகமாக இருந்தபடியால்’ என்று ஒன்று. அடுத்ததும் அதே. மத்தியானத்துக்குள் பதினேழு வந்துவிட்டன, பதினேழிலும் பனிமூட்டம். மைனி சொல்லிக்கொடுத்து எல்லோரும் எழுதியிருக்கிறார்கள் என்பது வாசகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வெள்ளிக்கிழமை பனியே இல்லை. குமாஸ்தாவின் கதையைக் கேட்டோம், கை தவறியது என்று ஒருத்தி எழுதியிருந்தாலும் என் வேலைக்கு ஆபத்து. ஒருத்திகூட எழுதவில்லை.

நாலே கால் மணிக்குப் பதினெட்டாவது ஆள் வந்தார், அந்த மூத்த பால்வெட்டுக்காரி. கையில் வெறும் மெமோ மட்டும்.

“எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது பிள்ளே. நான் சொல்லுதேன், நீ எழுது.”

“பனின்னு போடட்டா அக்கா?”

“பனி என்ன செய்யும்? எத்தனெ பனியில வெட்டியாச்சு. நான் சொல்லுதத எழுது.”

எதிரே இருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பேனாவை எடுத்தேன்.

“எனக்க அம்மெய அடக்கம் செய்து எட்டாம் நாளு, அம்மெக்க பிளாக்குல என்னெ விட்டாவ. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. போனேன், வெட்டினேன். சிரட்டெ நெறஞ்சுதான்னு மட்டும் தான் பாத்தேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “அம்மெ வெட்டுன வெட்டு அதுல கெடந்திருக்கும். முந்நூறு மரத்துலயும் கெடந்திருக்கும். நான் பாக்கல்ல. ஒரே நாளுல முந்நூறையும் சீவிக் களஞ்சுட்டேன். அது எனக்கு இவ்வளவு வருசமா தெரியாது. வெள்ளிக்கிழமெ தான் தெரிஞ்சுது.”

 அவர் காகிதத்தைப் பார்த்தார்.

“எழுதியாச்சா? மரத்துல காயம் பட்டதுக்கு காரணம் இதாக்கும். வேற ஒண்ணும் இல்ல.”

அவர் சொன்னதை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். நான் எழுதியதெல்லாம் சேர்த்தாலும் அந்த ஏழெட்டு வரிக்கு ஈடாகுமா என்று நினைத்துக்கொண்டேன். காகிதத்தை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகப் போட்டார். பிறகு மெமோவை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார்.

“அந்த எடம் பொஸ்தகத்துல வருமில்லியா பிள்ளே?”

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“எனக்க மோளு வாசிப்பா. எனக்கு இனி ரெண்டு வருசம் தான், பொறவு எனக்க பிளாக்குல அவளாக்கும் வெட்டப் போறா. அவளாவது பாத்துட்டு வெட்டட்டும்.”

“வரும்க்கா” என்றேன்.

அவர் முற்றத்தைத் தாண்டுவதற்குள் சென்னைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஐந்து பக்கத்தையும் சேர்த்து நாவலைப் போடுங்கள், இல்லையென்றால் நாவலே வேண்டாம். மணி அப்போது ஐந்து ஆகவில்லை. பதில் இன்னும் வரவில்லை.